நாற்பது ஏக்கரும் பஞ்சமி நிலமும்

பி.ஏ. ஆங்கிலம் படிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், 'அமெரிக்க இலக்கியம்' என்று ஒரு தாள் உண்டு. பி.ஏ. வரலாறு என்றால் 'அமெரிக்க வரலாறு'. சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு பிடித்து செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் என்று எங்கே இறங்கி எந்தக் கலைக் கல்லூரிக்குள் நுழைந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். இந்தப் பக்கம் விட்மன், எமிலி டிக்கின்சன், ராபர்ட் ஃப்ராஸ்ட், ஆர்தர் மில்லர், ஹெமிங்வே. அந்தப் பக்கம் பாஸ்டன் தேநீர் விருந்து, சுதந்திரப் பிரகடனம், லிங்கன், உள்நாட்டுப் போர்.

எப்படிப் படிக்கிறார்கள்? கைடு வாங்கித்தான். ஐந்து மதிப்பெண்ணுக்கு அரைப் பக்கம், பத்து மதிப்பெண்ணுக்கு இரண்டரைப் பக்கம், நடுவில் நாலு துணைத் தலைப்பு, ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடு. தேர்வு முடிந்து ஹாலை விட்டு வெளியே வருவதற்குள் அமெரிக்கா விமானம் ஏறிப் போய்விடும்.

இந்தத் தாளைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. முதல் கட்சி, "செங்கல்பட்டுக்காரனுக்கு எதுக்கய்யா அமெரிக்கா? சிலப்பதிகாரத்தையே ஒழுங்காப் படிக்கல, இதுல விட்மன் வேறயா? தூக்கிக் கடாசுங்க" என்று சொல்லும். இரண்டாவது கட்சி, "உலகமே அமெரிக்காவைத்தான் பார்க்குது. நாளைக்கு எம்.எஸ். பண்ணப் போறவனுக்கு, பரனூர் மஹிந்திரா சிட்டியில வேலைக்குப் போறவனுக்கு இது உதவும்" என்று சொல்லும். பார்த்தால் எதிரிகள் மாதிரி இருக்கும். உண்மையில் இரண்டு பேரும் ஒரே கட்சிதான். அமெரிக்கா எங்கேயோ பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதற்கும் இந்த ஊருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று இருவருமே நம்புகிறார்கள். ஒருவர் வேண்டாம் என்கிறார், இன்னொருவர் விசா வேண்டும் என்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இருவரும் சொல்வது தவறு. அமெரிக்காவைப் படிக்க வேண்டும். ஆனால் செங்கல்பட்டில் உட்கார்ந்துகொண்டு, செங்கல்பட்டிலிருந்து பார்த்துப் படிக்க வேண்டும். அப்படிப் படிக்காததால் யாருக்கு நஷ்டம் என்பதுதான் இங்கே பேச வேண்டிய விஷயம்.

முதலில் ஒரு கம்பெனிக் கணக்கு

பாஸ்டன் தேநீர் விருந்து எல்லாருக்கும் தெரியும். 1773 டிசம்பர் 16, 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. கைடில் காரணம் என்ன போட்டிருக்கும்? "பிரதிநிதித்துவம் இல்லாத வரிவிதிப்பு." சரிதான். ஆனால் அந்தத் தேயிலை யாருடையது? கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. கோட்டையில் உட்கார்ந்து செங்கல்பட்டு ஜாகீரை ஆண்ட அதே கம்பெனி. 1763-ல் ஆற்காட்டு நவாப்பிடமிருந்து இந்த வட்டாரத்தை ஜாகீராக வாங்கியவர்கள் அவர்கள்தான்.

கம்பெனிக்குத் தேயிலையை அமெரிக்காவின் தலையில் கட்ட வேண்டிய அவசியம் ஏன் வந்தது? கையில் காசில்லை. தெற்கே ஹைதர் அலியோடு நடந்த போரின் செய்தி 1769-ல் லண்டன் போய்ச் சேர்ந்தபோது கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. அடுத்து வங்கத்தில் பெரும் பஞ்சம். 1772-ல் லண்டனில் கடன் நெருக்கடி. கிடங்கில் விற்காத தேயிலை குவிந்து கிடந்தது. கடைசியில் அரசாங்கம் 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்துக் காப்பாற்றியது. இன்றைய பாஷையில் பெயில் அவுட்.

அந்தக் காப்பாற்றும் படலத்தில் 1773-ல் வந்த சட்டங்களில் இரண்டு முக்கியம். ஒன்று தேயிலைச் சட்டம், அது பாஸ்டனில் வெடித்தது. இன்னொன்று ஒழுங்குமுறைச் சட்டம், அதுதான் சென்னையைக் கல்கத்தாவின் கவர்னர் ஜெனரலுக்குக் கீழே கொண்டு போனது. ஒரே கம்பெனி, ஒரே நஷ்டம், ஒரே வருஷம். முதல் சட்டம் அமெரிக்க வரலாற்றுத் தாளில் இருக்கிறது. இரண்டாவது சட்டம் இந்திய வரலாற்றுத் தாளில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மாணவர் படிக்கிறார். இரண்டும் ஒரே பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கங்கள் என்று அவருக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

பிறகு ஒரு கடல் சண்டை

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கல்பாக்கம் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை, செதுக்கு வேலை செய்த கல்லறைகள். போகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அந்தக் கடலில் 1782 பிப்ரவரி 17-ந் தேதி ஒரு சண்டை நடந்தது. ஒரு பக்கம் பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி சுஃப்ரன், எதிரே ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸ்.

இவர்கள் ஏன் இங்கே வந்து அடித்துக்கொண்டார்கள்? 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்கப் புரட்சியாளர்களோடு ஒப்பந்தம் போட்டது. பிரிட்டனும் பிரான்சும் போருக்குப் போயின. அதே வருஷம் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். அடுத்த வருஷம் மாஹே. மாஹே வழியாகத்தான் ஹைதர் அலிக்கு ஆயுதங்கள் வந்துகொண்டிருந்தன. கோபத்தோடு 1780-ல் ஹைதர் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். செப்டம்பர் 10-ந் தேதி காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. சில மைல் தள்ளி காஞ்சியில் நின்றிருந்த ஜெனரல் மன்றோ பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் பின்வாங்கினார். அவர் போய்விட்டார். ஜாகீரின் கிராமங்கள் எங்கே போகும்? பயிர் அழிந்தது, சனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள்.

அந்தப் பக்கம் அமெரிக்காவில்? பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்று பெயர் வைத்திருந்தார்கள். சதுரங்கப்பட்டினம் சண்டை நடந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை, 1782 ஏப்ரலில் அந்தக் கப்பல் டெலவேர் விரிகுடாவில் ஒரு பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது. அதாவது அன்றைய ஃபிலடெல்ஃபியா மாலுமிக்கு இந்த வட்டாரத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தது. இன்றைய செங்கல்பட்டு மாணவருக்குத் தெரியவில்லை. 240 வருஷத்தில் நல்ல முன்னேற்றம்!

1783 ஜனவரியில் பிரிட்டனும் பிரான்சும் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்ட பிறகும் செய்தி வந்து சேராமல், அதே ஆண்டு ஜூன் 20-ந் தேதி கடலூர்க் கடலில் அதே சுஃப்ரனும் ஹியூஸும் மறுபடி மோதினார்கள். லெக்சிங்டனில் 1775-ல் தொடங்கிய போரின் கடைசிக் குண்டுகள் தமிழ்நாட்டுக் கடற்கரையில் வெடித்தன. அமெரிக்க வரலாற்றுத் தாளில் இதற்கு எத்தனை மதிப்பெண்? பூஜ்யம்.

"சரி, சுவாரசியமான துணுக்குதான், அதனால என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கப்பலும் பீரங்கியும் மட்டும் என்றால் இது வெறும் துணுக்குதான். ஆனால் அடுத்தது துணுக்கு இல்லை.

நிலம்

உள்நாட்டுப் போரின் முடிவில், 1865 ஜனவரி 16-ல், ஜெனரல் ஷெர்மன் ஓர் உத்தரவு போட்டார். தென் கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடா கடற்கரையையும் கடற்தீவுகளையும் ஒட்டிய நிலத்தை விடுதலையான கறுப்பின மக்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. ஒரு குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல். சுமார் 40,000 பேர் குடியேறினார்கள், உழுதார்கள், விதைத்தார்கள். லிங்கன் கொல்லப்பட்ட பிறகு வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அந்த வருஷம் முடிவதற்குள் நிலத்தைப் பழைய பண்ணையார்களுக்கே திருப்பிக் கொடுக்க வைத்தார். 'நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்' என்பது அன்றிலிருந்து அமெரிக்காவில் ஏமாற்றத்துக்கு இன்னொரு பெயர்.

இது பாடத்தில் உண்டு. 'மறுசீரமைப்புக் காலம்' என்ற தலைப்பில் வரும். மாணவர் எழுதுவார், மதிப்பெண் வாங்குவார்.

இப்போது செங்கல்பட்டுக்கு வருவோம். 1891-ல் இந்த மாவட்டத்தின் கலெக்டர் பொறுப்பில் இருந்தவர் ட்ரெமென்ஹீர். தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். தலைமுறை தலைமுறையாகப் படியாளாக உழைத்தும் சொந்தமாக நிலம் இல்லை; தரிசு நிலத்துக்கு விண்ணப்பம் போட்டால் 'எங்களுக்குத்தான் முதல் உரிமை' என்று மிராசுதார்கள் குறுக்கே வருகிறார்கள்; குடியிருக்கிற இடம்கூட அவர்களுடையது இல்லை. நிலம் கொடுங்கள், மனைக்கட்டு கொடுங்கள், பள்ளிக்கூடம் கொடுங்கள் என்பது அந்த அறிக்கையின் சாரம். அடுத்த வருஷம், 1892-ல், அரசாணை வந்தது. அதன்படி ஒதுக்கப்பட்டதுதான் பஞ்சமி நிலம். முதல் பத்து வருஷம் விற்கக் கூடாது, அதன் பிறகு விற்றாலும் அதே பிரிவு மக்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று நிபந்தனை. சென்னை மாகாணம் முழுக்கப் போன அந்தத் திட்டத்தின் முதல் காகிதம் செங்கல்பட்டில் எழுதப்பட்டது.

அந்த நிலம் இன்று யார் கையில்? பாதிக் கதை தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மீதிக் கதைக்குத் தேதியே இருக்கிறது. மாமல்லபுரம் பக்கத்துக் காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-ந் தேதி செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. இரண்டு பேர் செத்துப் போனார்கள்.

ஜார்ஜியா, கரோலினா கடற்தீவுகளில் கல்லா மக்கள் வாழ்ந்த நிலம் ஹில்டன் ஹெட் மாதிரி இடங்களில் கோல்ஃப் மைதானமாகவும் ரிசார்ட்டாகவும் மாறியது. கடற்கரை நிலத்துக்கு விலை ஏறும்போது முதலில் காணாமல் போவது ஏழையின் பத்திரம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு பக்கமும் மனைப்பிரிவு போர்டுகளைப் பார்த்துக்கொண்டே கல்லூரிக்கு வருகிற மாணவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். அதைத்தான் யாரும் செய்வதில்லை.

நஷ்டம் யாருக்கு என்று கேட்டோமே, இவருக்குத்தான். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிற மாணவர். தாத்தா காலத்து நிபந்தனைப் பட்டா டிரங்குப் பெட்டிக்குள் இருக்கலாம். ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் 'அ' பதிவேட்டில் 'டி.சி.' என்ற இரண்டு எழுத்து இருக்கலாம். அவர் ஷெர்மனின் நாற்பது ஏக்கரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிப் பட்டம் வாங்கிவிடுகிறார். தன் ஊர்ப் பதிவேட்டில் அந்த இரண்டு எழுத்து என்ன சொல்கிறது என்று தெரியாமலே வெளியே போகிறார். இதற்குப் பெயர் உயர்கல்வி!

ஒப்பிட்டவர்கள் முன்னாடியே இருக்கிறார்கள்

"அமெரிக்க அடிமைமுறை வேறு, இங்கே சாதி வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது" என்று பேராசிரியர்கள் சிலர் சொல்லலாம். வேறுதான். வேறு என்பதால்தானே ஒப்பிட வேண்டும்? இரண்டும் ஒன்று என்றால் ஒன்றைப் படித்தால் போதுமே.

ஜோதிராவ் ஃபுலே 1873-ல் 'குலாம்கிரி' நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியாவில் படித்தவர். 1946-ல் கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்கு அவர்கள் தயாரித்த மனுவின் நகலைக் கேட்டார். 1972-ல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தொடங்கியவர்கள் பெயரை எங்கிருந்து எடுத்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 'சிறுத்தைகள்' என்ற பெயர் சுவரெழுத்தில் இல்லாத ஊர் உண்டா? ஆக, அமெரிக்காவை இங்கிருந்து படிக்கும் வேலையை 150 வருஷமாகச் செய்துகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். சிலபஸ் போடுகிற கமிட்டிக்கு மட்டும்தான் அது புதுச் செய்தி.

இன்னொன்று. செனகா ஃபால்ஸ் என்று நியூயார்க் மாகாணத்தில் ஒரு சின்ன ஊர். 1848-ல் பெண்ணுரிமை மாநாடு நடந்தது. அமெரிக்கர்கள் அந்த இடத்தை 1980-ல் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்கினார்கள். இங்கே மாணவர் அதை ஐந்து மதிப்பெண்ணுக்குப் படிக்கிறார். அவர் படிக்கும் செங்கல்பட்டில் 1929 பிப்ரவரியில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு நடந்தது. பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலோர் பெயருக்குப் பின்னால் சாதி இல்லாமல் இருப்பதற்கு இந்த ஊரில் போட்ட அந்தத் தீர்மானத்துக்கும் பங்கு உண்டு. செனகா ஃபால்ஸ் தெரிகிறது, செங்கல்பட்டு தெரியவில்லை.

கோதுமைப் பணம்

அமெரிக்காவைப் பற்றிய படிப்பு இந்தியப் பல்கலைக்கழகங்களில் பரவியதற்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது. பி.எல்.480 என்று 1954-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. அதன்கீழ் வந்த கோதுமைக்கு இந்தியா ரூபாயிலேயே விலை கொடுத்தது. அந்த ரூபாய் இங்கேயே அமெரிக்காவின் கணக்கில் குவிந்தது. எவ்வளவு குவிந்தது என்றால், 1974-ல் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் அதில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்து கொடுத்த காசோலையின் தொகை சுமார் 1,664 கோடி ரூபாய்.

குவிந்த பணத்தில் படிப்புக்கும் கொஞ்சம் போனது. 1964-ல் ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் அமெரிக்க ஆய்வுக்கான மையம் ஒன்று அமெரிக்க அரசின் உதவியோடு வந்தது. நல்ல நூலகம்; தெற்கே அமெரிக்க இலக்கியத்தில் ஆராய்ச்சி செய்தவர்கள் பலர் அங்கே போய்ப் படித்தவர்கள். பனிப்போர் முடிந்ததும் உதவி வற்றியது, மையத்தின் பெயரும் மாறியது.

அதே பி.எல்.480 பணத்தை அமெரிக்கர்கள் தங்கள் படிப்புக்கு எப்படிப் பயன்படுத்தினார்கள்? 1962-லிருந்து அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் டெல்லியில் அலுவலகம் போட்டு, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வெளியான புத்தகங்களை வாங்கி வாங்கி அங்கேயுள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. சிகாகோவில், பெர்க்லியில் தமிழ் படிக்கிறவர்கள் அந்த அலமாரிகளிலிருந்து படித்தார்கள். அவர்கள் தங்களுக்கு என்ன தேவையோ அதைத் தங்கள் கேள்விகளோடு படித்தார்கள். இங்கே அவர்கள் கட்டிக் கொடுத்த மூட்டையை அவிழ்த்து, உள்ளே இருந்ததை அப்படியே மனப்பாடம் செய்தோம். குற்றம் அமெரிக்காவுடையது இல்லை. கொடுத்தவன் தன் கேள்வியைக் கொடுப்பான். வாங்கியவனுக்குச் சொந்தமாக ஒரு கேள்வி இருந்திருக்க வேண்டும்.

இன்றைக்கு அந்த மூட்டையும் இல்லை. அமெரிக்கக் கலாச்சாரத்தை இப்போது சிரத்தையாகச் சொல்லிக் கொடுப்பது கல்லூரி இல்லை, நைட் ஷிஃப்ட் கம்பெனிகளின் பயிற்சி வகுப்பு. நன்றி தெரிவிக்கும் நாள் எப்போது, டெக்சாஸ்காரர் எப்படிப் பேசுவார், கோபமான வாடிக்கையாளரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது. சம்பளம் கொடுக்கிறார்கள், தப்பில்லை. ஆனால் பல்கலைக்கழகமும் அதே வேலையைச் செய்வதற்கு மூன்று வருஷமும் கட்டணமும் எதற்கு?

"தரம் போயிடுமே!"

கடைசி ஆட்சேபம் எப்போதும் இதுதான். உள்ளூர் விஷயத்தைச் சேர்த்தால் அமெரிக்க இலக்கியத் தாளின் தரம் போய்விடுமாம். இதற்கு வேறு யாரும் பதில் சொல்ல வேண்டாம், அந்தத் தாளில் வழக்கமாக வருகிற எமர்சனே போதும். 1837 ஆகஸ்டில் ஹார்வர்டு மாணவர்கள் முன்னால் 'அமெரிக்க அறிஞன்' என்று பேசினார். ஐரோப்பாவிடம் பாடம் கேட்டது போதும், தன் மண்ணைத் தன் கண்ணால் பாருங்கள் என்பது அந்தப் பேச்சின் சாரம். இதை இங்கே கைடில் படித்து, பத்து வரியில் சுருக்கி எழுதி, "எமர்சன் சுயசிந்தனையை வலியுறுத்துகிறார்" என்று முடிக்கிறார்கள். சுயசிந்தனையை மனப்பாடம் செய்யும் இந்தக் கொடுமையைப் பார்க்க எமர்சன் உயிரோடு இல்லாதது அவர் செய்த புண்ணியம்.

செய்ய வேண்டியது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. தாளை எடுக்க வேண்டாம். விட்மனும் ஃப்ராஸ்டும் இருக்கட்டும். மறுசீரமைப்புக் காலம் நடத்துகிற வாரத்தில் ட்ரெமென்ஹீரின் அறிக்கையையும் நடத்துங்கள். செனகா ஃபால்ஸ் தீர்மானங்களோடு 1929 செங்கல்பட்டுத் தீர்மானங்களையும் படிக்கக் கொடுங்கள். 1773-ஐ வணிகவியல் மாணவர்களையும் கூட்டிக்கொண்டு நடத்துங்கள், கம்பெனிக் கணக்கை அவர்கள் போட்டுக் காட்டுவார்கள். சுற்றுலா என்று சொல்லி மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைக்குக் கீழே கை வைத்துப் போட்டோ எடுத்தது போதும், இன்னும் கொஞ்சம் தெற்கே போய்ச் சதுரங்கப்பட்டினத்தில் இறங்கி அந்த 1782 கதையைச் சொல்லுங்கள்.

புராஜெக்ட் வேண்டுமா? ஆளுக்கொரு ஊர். ஊரின் 'அ' பதிவேட்டைப் பார்க்கட்டும். கொடுக்க மாட்டேன் என்றால் 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய்க் கட்டணம். பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர் இருந்தது, இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று எழுதட்டும். பக்கத்தில் ஜார்ஜியாக் கடற்தீவுகளில் என்ன நடந்தது என்று எழுதட்டும். இருபது பக்கம் போதும். இணையத்தில் காப்பியடிக்க முடியாது, ஏ.ஐ.யிடம் கேட்டாலும் அந்த ஊர்ப் பதிவேடு அதனிடம் இருக்காது.

அப்படி ஒரு புராஜெக்டைக் கல்லூரி அனுமதிக்குமா? அதில்தான் இருக்கிறது விஷயம். ஜார்ஜியாவில் 1865-ல் நிலத்தைப் பிடுங்கியவர்களின் பெயரை எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் அது பாடமாக இருக்கிறது. பக்கத்து ஊர்ப் பதிவேட்டில் இருக்கும் பெயரை எழுதினால் போன் வரும். அமெரிக்காவைத் தூரத்திலேயே வைத்திருப்பதில் பலருக்கு வசதி இருக்கிறது. அந்த வசதியில் பங்கில்லாத மாணவர்களாவது, கைடை மூடி வைத்துவிட்டு ஒரு நாள் ஊர்ச்சாவடிப் பக்கம் போய் விசாரிக்கலாம்.